ஐடி டிகிரி கைக்கு வர என்னென்ன முடித்திருக்க வேண்டும்? ஒரு தகப்பனாருக்கு விரிவான பதில்

கேள்வி: "என் மகள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.டெக். ஐடி படிக்கிறாள். 2023-இல் சேர்ந்தாள், இப்போது ஆறாவது செமஸ்டர். மூன்றாவது செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்ஸ் அரியர் விழுந்தது. அதில் இன்டர்னல் 40-க்கு 21. சிஜிபிஏ 6.8 இருக்கிறது. 'கிரெடிட் குறையுதுப்பா' என்கிறாள். நான் பத்தாவது வரை படித்தவன். அந்த ஒரு அரியரை முடித்தால் டிகிரி வந்துவிடுமா, வேறு ஏதாவது இருக்கிறதா?"

ஐயா, அரியரை முடித்தே ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. ஐடி துறையில் பதினேழு வருடம் பாடம் நடத்தினேன், நான்கு பேட்ச்சுக்கு கிளாஸ் அட்வைசராக இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடைசி செமஸ்டரில் கண்ணீரோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களில் பாதிப்பேர் கஷ்டமான பாடத்தில் தோற்றவர்கள் இல்லை. யாரும் எண்ணிப் பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டவர்கள். உங்கள் மகளுக்கு இன்னும் மூன்று செமஸ்டர் கையில் இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள், அது பெரிய விஷயம். இன்று மாலையே ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்து இருவரும் உட்காருங்கள்.

முதலில் அவளுக்கு எந்த ரெகுலேஷன் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2023-இல் சேர்ந்தவர்களுக்கு ரெகுலேஷன் 2021. நான்கு வருடமும் அதுதான் அவளுக்குச் சட்டப் புத்தகம். 2025-இல் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புதிய ரெகுலேஷன் வந்துவிட்டது, அவர்கள் பேசுவது உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அதேபோல, ரெகுலேஷன் 2017-இல் படித்து முடித்த சீனியர் அண்ணன், அக்கா சொல்வதும் பொருந்தாது. அவர்கள் காலத்தில் தியரி பாடத்துக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடும் மதிப்பெண், 20, செமஸ்டர் முடிவில் வரும் எழுத்துத் தேர்வு 80. இப்போது 40, 60. இந்த ஒரு மாற்றமே பாஸ் கணக்கை எவ்வளவு புரட்டிப் போடுகிறது என்று கீழே காட்டுகிறேன். இன்னொன்று, கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்று பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பட்டம் அண்ணா பல்கலைக்கழகப் பெயரில்தான் வரும், ஆனால் பாடத்திட்டமும் விதிகளும் கல்லூரியே வகுத்தவை. அப்படியானால் கல்லூரியின் விதிப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். நான் எழுதுவது தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிக்கு.

பல்கலைக்கழக இணையதளத்தில் ஐடி பாடத்திட்டம் பிடிஎஃப் ஆக இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கம் வரும், பயந்துவிடாதீர்கள். முன்பகுதியில் செமஸ்டர் வாரியாக அட்டவணை போட்டிருக்கும் சில பக்கங்கள் போதும். பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடையில் அதை மட்டும் பிரின்ட் எடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக வாரத்துக்கு எத்தனை பீரியட் வகுப்பு, எத்தனை பீரியட் டுட்டோரியல், எத்தனை பீரியட் லேப் என்று இருக்கும். கடைசிக் கட்டத்தில் இருப்பதுதான் கிரெடிட்.

கிரெடிட் என்பதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் வகுப்பு நடந்தால் 1 கிரெடிட். டுட்டோரியலும் அப்படியே. லேப் என்றால் ஒரு பீரியட்டுக்கு அரை கிரெடிட், அதனால் வாரம் நான்கு பீரியட் லேப் 2 கிரெடிட் ஆகிறது. பாடத்தில் பாஸ் ஆனால் அந்த கிரெடிட் முழுசாகக் கணக்கில் ஏறும். ஃபெயில் என்றால் ஒன்றும் ஏறாது, பாதி கிரெடிட் என்று எதுவும் கிடையாது. டிஸ்கிரீட் மேத்ஸ் 4 கிரெடிட் பாடம். "கிரெடிட் குறையுது" என்று உங்கள் மகள் சொல்வது அந்த நான்கைத்தான். எட்டு செமஸ்டரும் சேர்த்து 160-ஐ ஒட்டி கிரெடிட் வரும். பிரின்ட் எடுத்த அட்டவணையைக் கூட்டிப் பார்த்து சரியான எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நான் கீழே போடும் கணக்குக்கு 162 என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் பாடமாவது எழுதி 162 சேர்த்தால் போதும் என்றும் இல்லை. எந்த வகையில் எத்தனை என்று வகுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு செமஸ்டரில் கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான், சி, என்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்று அடித்தளம். அதிலேயே 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று தலா 1 கிரெடிட்டுக்கு இரண்டு பாடம் வரும். ஒரு கிரெடிட்தானே என்று அலட்சியமாக எழுதி அரியர் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழடியும் கல்லணையும் நம் வீட்டுக் கதை, அதில் போய் ஏன் அரியர் வைக்க வேண்டும்? மூன்றாவது செமஸ்டரிலிருந்து துறைப் பாடங்கள் ஆரம்பம்: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ், ஃபுல் ஸ்டாக் வெப் டெவலப்மென்ட் என்று போகும். இவற்றில் தேர்வு செய்ய இடமில்லை, எல்லாரும் படித்தாக வேண்டும்.

தேர்வு செய்ய இடம் இருப்பது எலெக்டிவில். ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் துறை எலெக்டிவ் ஆறு. டேட்டா சயின்ஸ், கிளவுட், சைபர் செக்யூரிட்டி, ஃபுல் ஸ்டாக் என்று வெர்ட்டிகல், அதாவது பிரிவு பிரிவாக, பிரித்திருப்பார்கள். ஓபன் எலெக்டிவ் நான்கு, அவை வேறு துறையினர் நடத்தும் பாடங்கள். ஆறாவதில் ஒன்று, ஏழாவதில் மூன்று. கல்லூரியின் அனுமதியோடு சில எலெக்டிவுக்குப் பதிலாக மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் என்பிடிஇஎல் என்னும் ஆன்லைன் படிப்பு முடித்து அந்த கிரெடிட்டைச் சேர்த்துக்கொள்ள முடியும். அனுமதியை முன்னாலேயே எழுத்தில் வாங்க வேண்டும். சான்றிதழ் வந்தபிறகு போய்க் கேட்டால் 'இந்தப் பாடம் பட்டியலில் இல்லையே' என்ற பதில் வரக்கூடும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். கிரெடிட்டே இல்லாத பாடங்கள். அட்டவணையில் 'மேன்டேட்டரி கோர்ஸ்' என்று இரண்டு இருக்கும், ஒன்று ஐந்தாவது செமஸ்டரில், இன்னொன்று ஆறாவதில். பாலினக் கல்வி, திரைப்பட ரசனை, பேரிடர் மேலாண்மை, யோகா சித்த ஆயுர்வேத மரபு, இந்திய அறிவியல் தொழில்நுட்ப வரலாறு என்று ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள், அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கிரெடிட் கட்டத்தில் 0. சிஜிபிஏவில், அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரியில், சேராது. ஆனால் முடிக்காமல் பட்டம் இல்லை.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். படிப்பில் கெட்டி, கேம்பஸில் வேலையும் வாங்கிவிட்டான். கடைசி செமஸ்டர் ஏப்ரலில், வகுப்பு முழுவதற்கும் நான் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலை வைத்து வரிசையாக டிக் அடித்துக்கொண்டே வந்தபோது அவன் வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கூப்பிட்டு, "இந்தப் பாடம் என்ன ஆச்சுப்பா?" என்று கேட்டேன். அவன் தன் பக்கம் கணக்குப் போட்டு வைத்திருந்தான், கிரெடிட் ஒன்றுகூடக் குறையவில்லை. "சார், எல்லாம் டேலி ஆகுது சார்" என்றான். டேலி ஆகத்தான் செய்யும். சைபரைக் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் கூட்டுத்தொகை ஒன்றுதானே. கல்லூரியிலேயே வைத்த மதிப்பீட்டுத் தேர்வு அன்று ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறான், திரும்பி வந்து யாரிடமும் கேட்கவில்லை, எங்களுக்கும் கண்ணில் படவில்லை. அது என் தவறும்தான். அன்று அவன் முகம் வெளுத்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு எழுதி முடித்தான், ஆனால் வேலையில் சேர்வது தள்ளிப்போனது. அதற்கப்புறம் நான் நோட்டில் கிரெடிட்டைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால், அட்டவணையில் இருக்கும் எல்லாப் பாடத்தின் பெயரையும் வரிசையாக எழுதச் சொல்வேன். கிரெடிட்டை எண்ணுவது இரண்டாவது வேலை. பெயரை எண்ணுவது முதல் வேலை. உங்கள் மகளுக்கு முதல் மேன்டேட்டரி கோர்ஸ் போன செமஸ்டரிலேயே முடிந்திருக்க வேண்டும். இன்றைக்கே கேளுங்கள்.

இதே மாதிரி கண்ணில் படாத இன்னொன்று என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணி), என்சிசி (தேசிய மாணவர் படை), என்எஸ்ஓ (விளையாட்டு), ஒய்ஆர்சி (இளையோர் செஞ்சிலுவை). முதல் வருடம் இவற்றில் ஏதாவது ஒன்றில் சேர்ந்து அதற்குரிய பயிற்சியை முடித்திருக்க வேண்டும். பட்டம் பெறத் தகுதி என்று விதிகளில் எழுதியிருக்கும் இடத்தில் இதுவும் ஒரு வரி. சிலர் பெயர் கொடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள். முடித்ததற்கான பதிவு துறை அலுவலகத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்திலேயே இன்னொரு வரியும் உண்டு: மாணவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது.

வருகைப் பதிவு 75%. இது தெரியாத பெற்றோர் கிடையாது, ஆனால் நாளாக மாற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஒரு செமஸ்டரில் 75 வேலை நாள் என்று வைத்தால், விட்டுவிடக்கூடியது 18 நாள். டெங்கு வந்து இரண்டு வாரம் படுத்தால் பன்னிரண்டு நாள் போயிற்று. மிச்சம் ஆறு நாளில் அக்கா கல்யாணம், குலதெய்வம் கோவில் திருவிழா, ஊருக்குப் போன பஸ் பிரேக்டவுன் எல்லாம் அடங்க வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால், உடல்நிலை காரணத்துக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ உரிய சான்றிதழ் கொடுத்து, முதல்வர் பரிந்துரையோடு தேர்வு எழுதலாம். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வையே எழுத முடியாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். அரியர் விழுந்தால் ஒரு பாடம்தான் போகும், வருகை குறைந்தால் வருடமே போகும். அப்படித் திரும்பச் சேரும்போது ரெகுலேஷன் மாறியிருந்தால், புதிய ரெகுலேஷனில் சொல்லும் கூடுதல் பாடங்களையும் எழுத வேண்டியிருக்கும். காய்ச்சலில் படுத்தால் முதல் நாளே ஆஸ்பத்திரிச் சீட்டை போட்டோ எடுத்து கிளாஸ் அட்வைசருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து வாங்கிவரும் சான்றிதழை யாரும் மகிழ்ச்சியோடு பார்ப்பதில்லை.

இப்போது பாஸ் கணக்கு. உங்கள் மகளின் அரியர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தியரி பாடத்துக்கு இரண்டு நிபந்தனை, இரண்டும் ஒன்றாக நிறைவேற வேண்டும். எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 45%. இன்டர்னலும் எழுத்துத் தேர்வும் சேர்ந்து குறைந்தது 50%. எழுத்துத் தேர்வு 100-க்கு எழுதினாலும் அதை 60-ஆகச் சுருக்கித்தான் இன்டர்னலோடு கூட்டுகிறார்கள்.

இன்டர்னல் 32 வைத்திருக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வில் 43 எடுக்கிறாள். 43-ஐ 60-க்கு மாற்றினால் 25.8. கூட்டினால் 57.8, ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஃபெயில், எழுத்துத் தேர்வில் 45 வரவில்லை. "மேடம் இன்டர்னல் நல்லா போட்டிருக்காங்க, பாஸ் ஆயிடுவேன்" என்று நம்பி ஏமாறுவது இப்படித்தான். மறுபக்கம், இன்டர்னல் 15 மட்டும் இருக்கும் பிள்ளைக்கு 45 எடுத்தால் போதாது. மிச்சம் 35 மதிப்பெண் எழுத்துத் தேர்விலிருந்து வர வேண்டும், அதாவது 100-க்கு 59. இரண்டும் சந்திக்கும் இடம் இன்டர்னல் 23. அதற்கு மேல் இருந்தால் 45 போதும், அதற்குக் கீழே குறையக் குறைய எழுத்துத் தேர்வில் ஏற வேண்டும். உங்கள் மகளுக்கு 21. 50-இல் 21 போக 29. 29-ஐ 60-இலிருந்து எடுக்க வேண்டுமானால் 100-க்கு 48.33, ஆக 49. அரியர் எழுதும்போதும் பழைய இன்டர்னல்தான் தொடரும், அதனால் அவள் தொட வேண்டிய எண் 49. போன முறை எவ்வளவு எடுத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது, ரிசல்ட்டில் கிரேடு மட்டும்தான் வரும். அடுத்த முறை சந்தேகமாக இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தன் விடைத்தாளைத் தானே பார்ப்பது மாதிரி பாடம் வேறு இல்லை, எங்கே மதிப்பெண் போயிற்று என்று கண்ணெதிரே தெரியும். அதற்கப்புறம் மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா என்று முடிவெடுக்கலாம்.

லேப் பாடத்துக்கு விகிதம் தலைகீழ், இன்டர்னல் 60, தேர்வு 40. தியரியும் லேபும் கலந்த பாடங்களுக்குப் பாதிப் பாதி. லேபில் ரெகார்டு நோட்டை வாரா வாரம் கையெழுத்து வாங்கிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

சிஜிபிஏ 6.8 என்றீர்கள். கிரேடுக்கு மதிப்பு இப்படி: ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. ஒவ்வொரு பாடத்தின் மதிப்பையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் சிஜிபிஏ. ஃபெயில் ஆன பாடம் இந்தக் கணக்கில் வராது. அதனால் ஒரு விநோதம் நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அரியரை முடித்ததும் சிஜிபிஏ கொஞ்சம் இறங்கும். இதுவரை 111 கிரெடிட் பாஸ் செய்திருக்கிறாள் என்று வைத்தால், 6.8 பெருக்கல் 111, 754.8. டிஸ்கிரீட் மேத்ஸில் சி கிரேடு வந்தால் நான்கு ஐந்து இருபது சேரும். 774.8-ஐ 115-ஆல் வகுத்தால் 6.74. பாஸ் ஆன சந்தோஷத்தில் இருக்கும்போது சிஜிபிஏ குறைந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்பிப்போய் வருவார்கள். குழம்ப வேண்டாம், கணக்கு சரிதான்.

முதல் வகுப்புக்கு 6.5 சிஜிபிஏ வேண்டும், எல்லாப் பாடமும் ஐந்து வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அரியர் இருந்ததால் முதல் வகுப்பு போய்விடாது, இதை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் ஒரு அரியர் விழுந்ததுமே எல்லாம் முடிந்தது என்று கையை விட்டுவிடுகிறார்கள். 162-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 1053. அதில் 774.8 கையில் இருந்தால், மிச்சம் 47 கிரெடிட்டில் 278.2 எடுக்க வேண்டும். அது சராசரியாக 5.92. எல்லாவற்றிலும் பி கிரேடு வாங்கினாலே முதல் வகுப்பு. அவளால் அதைவிட மேலே போக முடியும்.

டிஸ்டிங்ஷன் மட்டும் இனி இல்லை. 8.5 சிஜிபிஏவோடு எல்லாப் பாடமும் முதல் முயற்சியிலேயே பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. டிஸ்டிங்ஷனுக்கு வாய்ப்புள்ள பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், ஒன்று கவனியுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால், எழுதியதாகவே கணக்கு, முதல் முயற்சி போய்விடும். நோய்வாய்ப்பட்டு எழுத முடியாத நிலை என்றால் 'வித்டிராயல்' என்று ஒரு வழி இருக்கிறது. படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒருமுறை, தேர்வுக்கு முன்பே கல்லூரி முதல்வர் வழியாக விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் டிஸ்டிங்ஷன் வாய்ப்பு கெடாது. 103 டிகிரி காய்ச்சலோடு வந்து எழுதி, ஒரு பாடத்தில் விழுந்து, நான்கு வருட உழைப்பின் பலனை இழந்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். இந்த வழி இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறாவது செமஸ்டர் முடிந்த கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப், அதற்கு ஏழாவது செமஸ்டரில் 2 கிரெடிட். பணம் கட்டினால் வீட்டிலிருந்தே சான்றிதழ் தருகிறோம் என்று வாட்ஸாப்பில் வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். ஊரிலேயே ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியோ, பில்லிங் சாஃப்ட்வேர் செய்துகொடுக்கும் அலுவலகமோ இருந்தால் நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். உண்மையான ஒரு கடைக்கு உண்மையான ஒரு ஸ்டாக் கணக்கு எழுதிக்கொடுத்த பிள்ளை, இன்டர்வியூவில் பத்து நிமிடம் தடுமாறாமல் பேசும். விலைக்கு வாங்கிய சான்றிதழ் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

எட்டாவது செமஸ்டர் முழுவதும் புராஜெக்ட், 10 கிரெடிட். தனியாக ஒரே பாடத்துக்கு இவ்வளவு கிரெடிட் வேறெங்கும் கிடையாது. இதில் ஒரு கிரேடு ஏறினால் மொத்த சிஜிபிஏவில் 0.06 ஏறும். ரிவ்யூக்கள் நடக்கும், ரிப்போர்ட் சமர்ப்பிக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. கடையில் காசு கொடுத்து புராஜெக்ட் வாங்கும் வழக்கம் இருக்கிறது, தெரிந்தே சொல்கிறேன். வாங்கியவர்களிடம் தேர்வாளர் "இந்த டேபிளில் ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்துக் காட்டுங்க" என்று ஒரு வரி கேட்டால் கை நின்றுவிடும். இன்னொரு வசதியும் உண்டு: ஏழாவது செமஸ்டரிலேயே நீண்ட இன்டர்ன்ஷிப் கிடைத்தால், ஏழாவதையும் எட்டாவதையும் மாற்றிப் படிக்க விதியில் இடமிருக்கிறது. கல்லூரி ஏற்பாடு செய்ய வேண்டும், அதனால் முன்னாலேயே கேட்க வேண்டும்.

ஹானர்ஸ், மைனர் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். ஐந்தாவது செமஸ்டரிலிருந்து 18 கிரெடிட் கூடுதலாகப் படித்தால் கிடைக்கும் சிறப்பு அது, ஹானர்ஸுக்கு 7.5 சிஜிபிஏ வேண்டும். கட்டாயம் இல்லை. உங்கள் மகள் இப்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதே நல்லது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஐடி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சு வந்தே தீரும்: சிஎஸ்இயைவிட ஐடி குறைவா? முதல் வருடம் இரண்டுக்கும் ஒன்றுதான், இரண்டாம் வருடமும் ஏறக்குறைய அப்படியே. அதற்குப் பிறகு சிஎஸ்இ பிள்ளைகள் கம்பைலர் டிசைன் கட்டாயப் பாடமாகப் படிக்கிறார்கள், ஐடி பிள்ளைகளுக்கு வெப் டெவலப்மென்ட் பாடமும் மொபைல் ஆப் லேபும் கட்டாயம். ஒன்று பி.இ., இன்னொன்று பி.டெக்., வேலைக்கு எடுக்கிறவர்கள் அதில் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஒரே இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் கம்பைலர் கேள்விகள் வரும். எம்.டெக். ஆசை இருந்தால் அதை அவள் தானாகவே படித்துக்கொள்ள வேண்டும்.

வேலை விஷயத்தில், பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் பலவும் பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60% கேட்கின்றன, தேர்வு நடக்கும் சமயத்தில் அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்கின்றன. ஏழாவது செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கிவிடும். அதனால் பல்கலைக்கழக விதி எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும், அவளுக்கு உண்மையான கெடு இந்த ஏப்ரல்–மே தேர்வுதான். விதிப்படி சேர்ந்த நாளிலிருந்து ஏழு வருடம் அவகாசம், அதாவது 2030 வரை. டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருடம் சேர்ந்தவர்களுக்கு ஆறு வருடம். முதல் வகுப்புக்கு ஐந்து வருடம், 2028. இந்த எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் இவற்றை நம்பிச் சாய்ந்துவிடாதீர்கள்.

கடைசியாக அந்த டிஸ்கிரீட் மேத்ஸ். ஐந்து யூனிட்: லாஜிக், காம்பினேட்டரிக்ஸ், கிராஃப், அல்ஜீப்ரா, லாட்டிஸ். கேள்வித்தாளில் ஏ பிரிவில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, யூனிட்டுக்கு இரண்டு. பி பிரிவில் 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்று தேர்வு உண்டு. சி பிரிவில் 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. முதல் மூன்று யூனிட்டையும் முழுசாகப் படித்தால் ஆறு சின்னக் கேள்வி 12 மதிப்பெண், மூன்று பெரிய கேள்வி 39. ஆக 51, ஆனால் முழு மதிப்பெண் எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் ஐந்தாவது யூனிட்டில் பூலியன் அல்ஜீப்ரா பகுதியையும் சேர்த்துக்கொள்ளட்டும், இரண்டாவது வருடம் டிஜிட்டல் பாடத்தில் அதைத் தொட்டிருப்பாள், பழகிய இடம். நான்காவது யூனிட்டில் குரூப் என்றால் என்ன, சப்குரூப் என்றால் என்ன என்ற இலக்கணங்களை மட்டும் இரண்டு மதிப்பெண்ணுக்காகப் பார்த்தால் போதும். தெரியாத கேள்வியிலும் இலக்கணத்தை எழுதி, முதல் இரண்டு படியைப் போட்டு வைக்கட்டும், படிப்படியாகத்தான் மதிப்பெண் போடுவார்கள்.

லாஜிக் யூனிட்டில் ட்ரூத் டேபிளிலிருந்து ஆரம்பிக்கட்டும். தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே ஒரு 13 மதிப்பெண் கணக்கு, விடையைப் பார்க்காமல், கடிகாரம் வைத்து இருபத்தைந்து நிமிடம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் மட்டும் பார்த்துச் சொன்னால் போதும். அரியர் பாடத்துக்குத் தேர்வுப் பதிவும் கட்டணமும் தனியாகச் செய்ய வேண்டும், தானாக வராது. கல்லூரியில் அந்த அறிவிப்பு எப்போது வருகிறது என்று இந்த வாரமே கேட்டு, அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில், மொத்த கிரெடிட்டுக்குக் கீழே, பெரிதாக எழுதி வையுங்கள்.